போக்கர்: லட்சம் ஆட்டத்தின் கணக்கு

பெங்களூரு விவேக் நகரில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. வியாழக்கிழமையானால் குழந்தை இயேசு கோயிலில் கூட்டம் நிரம்பி வழியும். கூப்பிடு தூரத்தில் கோரமங்களா. அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகள் இந்தப் பக்கம் மாடி அறைகளில் வாடகைக்கு இருப்பார்கள். அப்படி ஓர் அறையில், 2025-இல் இணையப் பண ஆட்டத்துக்குத் தடை வருமுன், வேலையை விட்டுவிட்டுப் போக்கர் ஆடியே பிழைத்த ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். பொழுதுபோக்குக்கு ஆடுகிறவர்கள் சாப்பாடு முடித்து உட்காரும் நேரம்தான் அவருக்கு ஆபீஸ் நேரம். இரவு ஒன்பது மணிக்குத் திரையில் நான்கு மேசைகளைத் திறப்பார். மூன்று மணிக்கு மூடுவார். மறுநாள் மதியம் எழுந்ததும் முதல் வேலை, ராத்திரி எடுத்த முடிவுகளை ஒவ்வொன்றாக ஒரு மென்பொருளில் போட்டுச் சரிபார்ப்பது. வென்றது எவ்வளவு, தோற்றது எவ்வளவு என்பது அப்புறம்தான்.

அந்த வரிசைதான் இந்தத் தொழிலின் அடிப்படை. அதைப் புரிந்துகொள்ள ஆட்டத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

உலகம் முழுக்க அதிகம் ஆடப்படுவது ‘டெக்சாஸ் ஹோல்டெம்’. ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு, மறைவாக. பிறகு மேசை நடுவே எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு, திறந்தபடி: முதலில் மூன்று, பின் ஒன்று, கடைசியாக ஒன்று. ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம், எதிராளி கட்டியதற்கு ஈடு கட்டலாம், ஏற்றலாம், சீட்டைக் கவிழ்த்து விலகலாம். மற்றவர்கள் எல்லோரும் விலகிவிட்டால் சீட்டைக் காட்டாமலே பணத்தை எடுத்துக்கொள்ளலாம். ரம்மி ஆடிப் பழகியவர்களுக்கு இது புதிது.

ஒரு கட்டத்தை அருகிலிருந்து பார்ப்போம். நடுவில் நான்கு சீட்டு திறந்தாயிற்று, இன்னும் ஒன்றுதான் பாக்கி. நம் ஆளிடம் இரண்டு ஆர்ட்டின், மேசையில் இரண்டு ஆர்ட்டின். ஐந்தாவதும் ஆர்ட்டினாக விழுந்தால் வெற்றி, இல்லையேல் தோல்வி என்று வைத்துக்கொள்வோம். அவர் பார்க்காத சீட்டு 46. அதில் ஆர்ட்டின் 9. வாய்ப்பு ஏறக்குறைய நூற்றுக்கு இருபது. நடுவில் 4,000 ரூபாய் கிடக்கிறது. எதிராளி 1,000 கட்டினால், 5,000 ரூபாயை வெல்ல இவர் 1,000 போட வேண்டும். ஆறில் ஒரு தடவை வென்றாலே போட்ட காசு திரும்பிவிடும். வாய்ப்போ ஐந்தில் ஒன்று. ஆகவே போடலாம். எதிராளி 2,000 கட்டினால்? இப்போது 6,000 ரூபாய்க்காக 2,000 போட வேண்டும். நான்கில் ஒரு தடவை வென்றாக வேண்டும். போதாது, விலக வேண்டும். அதே சீட்டு, அதே எதிராளி. தொகை மாறியதும் முடிவு தலைகீழாகிவிட்டது.

முதல் சூழலில் 1,000 போட்டவர் ஐந்தில் நான்கு முறை தோற்கத்தான் போகிறார். ஆனாலும் அந்த முடிவு ஒவ்வொரு தடவையும் சராசரியாக அவருக்கு 170 ரூபாய்க்குச் சற்று மேலே ஈட்டிக் கொடுக்கிறது. தோற்றுக்கொண்டே சம்பாதிக்கிற இந்த நிலையை மனம் ஏற்கப் பழகுவதற்கே வருடக்கணக்காகும். இரண்டு மணி நேரம் சரியாக ஆடித் தோற்றவன் மூன்றாவது மணி நேரத்தில் ஆத்திரத்தில் ஆட ஆரம்பிப்பதை ஆட்டக்காரர்கள் ‘டில்ட்’ என்கிறார்கள். திறமைசாலிகள் பலரைத் தொழிலை விட்டே விரட்டியது அதுதான்.

பொய்யாகப் பந்தயம் ஏற்றி எதிராளியை விரட்டும் ‘பிளஃப்’ கூட முகத்தை வைத்து ஆடும் நாடகம் அல்ல, கணக்குதான். கணிதமேதை ஜான் வான் நாய்மன் 1928-இல் விளையாட்டுக் கோட்பாட்டுக்கு அடித்தளம் போட்டபோது அவர் மனதில் இருந்த ஆட்டங்களில் போக்கரும் ஒன்று. கடைசிச் சீட்டும் விழுந்தபின் நடுவில் கிடக்கும் தொகை அளவுக்கே பந்தயம் கட்டுவதானால், இரண்டு நல்ல கைக்கு ஒரு பொய்க் கை என்ற விகிதத்தில் கட்ட வேண்டும். அதற்குமேல் பொய் சொன்னால் பிடிபடுவார். குறைத்தால் அவருடைய நல்ல கைக்கும் யாரும் காசு தரமாட்டார்கள்.

இப்போது பெரிய கேள்விக்கு வருவோம். இது திறமையா, அதிர்ஷ்டமா?

2015-இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் ‘கிளாடிகோ’ என்ற நிரலை நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு மோதவிட்டது. 80,000 ஆட்டம். மனிதர்கள் முன்னிலையில் முடித்தார்கள். ஆனாலும் அந்த வித்தியாசம் புள்ளியியல்படி உறுதியாகச் சொல்லப் போதாது என்றார்கள் ஆய்வாளர்கள். 2017-இல் ‘லிப்ராடஸ்’ வந்தபோது எண்ணிக்கையை 1,20,000 ஆக்கினார்கள். இருபது நாள் நடந்த அந்தப் போட்டியில் நிரல் தெளிவாக வென்றது.

இதே கணக்கு தனிமனிதனுக்கும் பொருந்தும். ஆட்டத்துக்கு ஆட்டம் கட்டாயமாகப் போடப்படும் தொகை ‘பிக் பிளைண்ட்’. நூறு ஆட்டத்துக்கு ஐந்து பிக் பிளைண்ட் லாபம் எடுக்கிறவர் நல்ல ஆட்டக்காரர். அத்தகைய நூறு பேர் ஆளுக்குப் பத்தாயிரம் ஆட்டம் ஆடினால், வழக்கமான ஏற்ற இறக்கத்தை வைத்துப் பார்க்கையில், முப்பது பேர் அளவில் நஷ்டத்தில் நிற்பார்கள். லட்சம் ஆட்டம் ஆடினால் அது நான்கைந்து பேராகக் குறையும். திறமை இருக்கிறது, ஆனால் அது வெளியே தெரிய லட்சம் ஆட்டம் பிடிக்கிறது.

நீதிமன்றங்கள் திணறியதும் இங்கேதான். திறமை ஆட்டமாக ஆடப்படும் போக்கருக்கு உரிமம் தேவையில்லை என்று 2013 அக்டோபரில் கர்நாடக உயர் நீதிமன்றம் சொன்னது. அதன்பின் பெங்களூரில் போக்கர் அறைகள் வெளிப்படையாக நடந்தன. 2017-இல் குஜராத் உயர் நீதிமன்றம் போக்கரைச் சூதாட்டம் என்றது. தமிழ்நாட்டில் இணைய ஆட்டத்தில் பணம் இழந்தவர்களின் தற்கொலைகள் தொடர, நீதிபதி சந்துரு தலைமையிலான குழு 2022-இல் தடையைப் பரிந்துரைத்தது. சட்டமும் வந்தது. ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டப் பட்டியலில் வைத்த அட்டவணையை மட்டும் 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.

திறமை என்பவர்கள், சூதாட்டம் என்பவர்கள், இரு தரப்பும் சொல்வது உண்மைதான். மேசையில் புதிதாகப் பணம் முளைப்பதில்லை. ஒருவர் எடுப்பது இன்னொருவர் விட்டது. அதிலும் மேசை நடத்துகிறவர் ‘ரேக்’ என்று ஒரு பங்கைக் கழித்துவிடுகிறார். ஆகவே ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் காலப்போக்கில் தோற்றே ஆக வேண்டும். நன்றாக ஆடுகிறவனுக்கு வருமானம் தருவது எதுவோ, அதுவேதான் குடும்பஸ்தன் ஒருவனின் சம்பளத்தைத் தின்கிறது. இதைச் சொல்லாமல் போக்கரின் கணித அழகை மட்டும் பேசுவது நேர்மையாகாது.

செய்தியில் வருகிறவர்கள் வேறு உயரத்தில் இருக்கிறார்கள். 2024-இல் லாஸ் வேகஸின் போக்கர் உலகத் தொடரில் கர்நாடகத்தைச் சேர்ந்த சந்தோஷ் சுவர்ணா 2,50,000 டாலர் நுழைவுக் கட்டணப் போட்டியில் வென்று 54 லட்சம் டாலருக்கு மேல் பெற்றார். அதே ஆண்டு அங்கே முதன்மைப் போட்டியில் 10,112 பேர் கலந்துகொண்டனர். பரிசு கிடைத்தது 1,517 பேருக்கு. அதாவது நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் கட்டணத்தைத் தொலைத்துவிட்டு வந்தார்கள். இதைத் தாங்கத்தான் தொழில்முறை ஆட்டக்காரர்கள் தங்கள் வெற்றியின் பங்குகளை முன்கூட்டியே ஒருவருக்கொருவர் விற்றுக்கொள்கிறார்கள். வீட்டுச் செலவுக்கான பணத்தையும் ஆட்ட முதலையும் தனித்தனிக் கணக்கில் வைப்பது அவர்களுக்கு எழுதாத சட்டம்.

எழுதிய சட்டம் 2025 ஆகஸ்டில் வந்தது. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டை நடத்தக்கூடாது என்றது நாடாளுமன்றம். நடத்துகிறவருக்கு மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை. இந்தியத் தளங்கள் பண ஆட்டத்தை நிறுத்தின. எதிர்த்துப் போடப்பட்ட வழக்குகளை உச்ச நீதிமன்றம் தன்னிடம் மாற்றிக்கொண்டது.

எஞ்சியிருக்கும் பெரிய மேசைகள் கோவாவில், மாண்டோவி ஆற்றில் நிற்கும் காசினோக் கப்பல்களில். அங்கே கையால் சீட்டுப் போடுவதால் மணிக்கு முப்பது ஆட்டம் நடந்தால் அதிகம். நான்கு திரைகளில் தினம் ஆறு மணி நேரம் ஆடியவருக்கு லட்சம் ஆட்டம் இரண்டரை மாதத்தில் முடிந்தது. தினம் அதே ஆறு மணி நேரம் கோவா மேசையில் உட்கார்ந்தால் ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகும். தன் திறமை நிஜமா என்று தெரிந்துகொள்ளவே அத்தனை காலம். அதுவரைக்குமான தங்கும் செலவு, சாப்பாடு, மேசையில் வைக்கும் முதல் எல்லாம் கையிலிருந்துதான் போக வேண்டும்.