அலுமினியம் சைக்கிள் ஃப்ரேமில் விரிசல்: வெல்டிங் வெச்சு ஓட்டலாமா, மாத்தணுமா?



கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக வெள்ளிமலைக்கு ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் மிதிக்கிற ஆளா நீங்க? இல்லை, தினமும் ஆபீஸுக்கே சைக்கிளில்தான் போறீங்களா? ஒரு நாள் வண்டியைத் துடைக்கும்போது டவுன் டியூபில், வெல்டிங் ஓரமாக, முடி கனத்தில் ஒரு கோடு தெரியுது. பட்டறையில் கேட்டால் "800 ரூபாய் கொடுங்க, வெல்டிங் வெச்சுடலாம்" என்கிறார்கள். புது ஃப்ரேம் என்றால் 9,000 ரூபாய். எது சரியான செலவு?

(விலைகள் எல்லாம் கணக்கு புரிவதற்கான உதாரணம்தான். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள்.)

இரும்பு சைக்கிள் அனுபவம் இங்கே உதவாது

நம்மில் பலர் ஓட்டிப் பழகியது பள்ளியில் அரசு கொடுத்த இரும்பு சைக்கிள். வளைந்தால் தட்டி நிமிர்த்தலாம், உடைந்தால் எந்தப் பட்டறையிலும் ஒட்டலாம். அலுமினியம் அப்படி இல்லை.

அதன் எடை இரும்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. விறைப்பும் மூன்றில் ஒரு பங்குதான். அதனால்தான் அலுமினியம் ஃப்ரேமில் குழாய்கள் பருமனாக இருக்கும்.

இன்னொரு முக்கியமான வித்தியாசம் உண்டு. இரும்பில் ஓர் எல்லைக்குக் கீழே உள்ள சுமையை எத்தனை லட்சம் தடவை கொடுத்தாலும் பெரும்பாலும் விரிசல் விழாது. அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான எல்லை கிடையாது. ஒவ்வொரு மிதியும், ஒவ்வொரு பள்ளமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கணக்கில் சேரும். இதை 'மெட்டல் ஃபட்டீக்', அதாவது உலோகச் சோர்வு என்பார்கள். பயப்பட வேண்டாம், இதைத் தெரிந்துகொண்டுதான் நல்ல ஃப்ரேமைத் தேவைக்கு மேல் பலமாகச் செய்கிறார்கள். ஆனால் விரிசல் ஒன்று ஆரம்பித்துவிட்டால் அந்தக் கணக்கு முடிந்தது. அது தானாக நிற்காது, வளரும்.

விமானத்துறை இதை உயிர் கொடுத்துக் கற்றது. 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில் அலோஹா ஏர்லைன்ஸின் போயிங் 737 விமானத்தின் மேற்கூரையில் ஒரு பெரிய பகுதி நடுவானில் பிய்ந்து போனது. ஒரு விமானப் பணிப்பெண் உயிரிழந்தார். 89,000 தடவைக்கு மேல் பறந்திருந்த அந்த விமானத்தின் அலுமினியத் தகட்டு இணைப்புகளில் சோர்வு விரிசல்கள் இருந்தன. ஏறும்போதே ஒரு விரிசலைப் பார்த்ததாக ஒரு பயணி பிறகு சொன்னார். அப்போது அவர் யாரிடமும் சொல்லவில்லை.

கீறலா, விரிசலா? இப்படிப் பாருங்க

1. சோப்புத் தண்ணீரில் கழுவி, காய வைத்து, மொபைல் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். நேராக அடித்தால் மெல்லிய கோடு தெரியாது.

2. இந்த இடங்களை விடாதீர்கள்: ஹெட் டியூபும் டவுன் டியூபும் சேரும் இடம், பாட்டம் பிராக்கெட்டைச் சுற்றி, சீட் கிளாம்புக்குக் கீழே, பின்சக்கரம் மாட்டும் இடம்.

3. வெல்டிங் ஓரத்தையே பிடித்து ஓடும் கோடு, துடைத்த பிறகும் கறுப்பாகத் தெரியும் கோடு, குழாயைச் சுற்றிப் போகும் கோடு. இவை மூன்றும் ஆபத்தான அடையாளம்.

4. பெயின்ட் மட்டும் வெடித்திருக்குமோ என்று சந்தேகமா? முதலில் போட்டோ எடுத்து, வாரண்டி இருந்தால் கம்பெனியிடம் கேளுங்கள். அதற்குப் பிறகு அந்த இடத்தில் மட்டும் நைஸ் உப்புத்தாளால் பெயின்ட்டை எடுங்கள். கோடு உலோகத்திலும் தொடர்ந்தால் அது விரிசல்தான்.

5. அப்போதும் தெளிவில்லை என்றால் 'டி.பி. டெஸ்ட்'. பைப், டேங்க் வெல்டிங் செய்யும் பெரிய பட்டறைகளில் இது தெரியும். சிவப்புத் திரவத்தை அடித்து, பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, துடைத்துவிட்டு, மேலே வெள்ளைப் பவுடர் ஸ்ப்ரே அடிப்பார்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன சிவப்பு, கோடாக வெளியே வரும்.

எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம்

ஓட்டலாம்: பெயின்ட் கீறல், வெல்டிங்கிலிருந்து தள்ளி, டாப் டியூபில் விளிம்பு மழுங்கிய சின்னப் பள்ளம். கியர் மாட்டும் ஆர்.டி. ஹேங்கர் வளைந்திருந்தாலும் பதற வேண்டாம். ஃப்ரேமைக் காப்பாற்ற முதலில் வளைவதற்கென்றே வைத்த சின்னப் பாகம் அது. கழற்றி மாற்றும் வகை என்றால் தனியாக வாங்கிப் போட்டால் போதும்.

உடனே நிறுத்த வேண்டும்: எந்த இடத்திலும் விரிசல், கூரான மடிப்போடு விழுந்த பள்ளம், நேருக்கு நேர் மோதிய பிறகு ஹெட் டியூபுக்குப் பின்னால், டவுன் டியூபின் அடியில் விரலுக்குத் தட்டுப்படும் அலை போன்ற மேடு. ஃப்ரேம் கோணியிருந்தாலும் நிமிர்த்தச் சொல்லாதீர்கள். நிமிர்த்தும்போதே அலுமினியத்தில் புது விரிசல் விழலாம்.

அந்த 800 ரூபாய் வெல்டிங்

வெல்டிங் செய்பவரின் திறமை பற்றிய கேள்வி இல்லை இது. சைக்கிளில் பரவலாக வரும் 6061 அலுமினியக் கலவையைத் தொழிற்சாலையில் வெல்டிங் செய்தபின், ஃப்ரேம் முழுவதையும் 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, சட்டென்று குளிர்வித்து, மறுபடியும் மிதமான சூட்டில் மணிக்கணக்கில் வைப்பார்கள். பலமே அதிலிருந்துதான் வருகிறது. பட்டறையில் நெருப்பு பட்ட இடம் அந்தப் பலத்தை இழந்து மென்மையாகிவிடும். விரிசல் மூடியிருக்கும். ஆனால் பக்கத்திலேயே அடுத்தது ஆரம்பிக்க இடம் தயார்.

இப்போ பணக் கணக்கு

சைக்கிளை 28,000 ரூபாய்க்கு வாங்கினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். "அவ்வளவு போட்டாச்சே" என்று தோன்றும். அந்தப் பணம் ஏற்கெனவே போய்விட்டது, வெல்டிங் வைத்தாலும் திரும்பி வராது. இன்றைய கேள்வி ஒன்றுதான்: மிச்சமாகும் 8,200 ரூபாய்க்காக நீங்கள் எதைப் பணயம் வைக்கிறீர்கள்?

வெள்ளிமலையிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது, நடுவில் கிடைக்கும் நேர் ரோட்டில் 40 கிலோமீட்டர் வேகம் சாதாரணமாக வரும். அந்த வேகத்தில் மோதுவது சுமார் 20 அடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அதாவது, ஒரு மாடி வீட்டின் மொட்டை மாடி. 20 கிலோமீட்டர் வேகம் என்றால் ஐந்தடி. வேகம் பாதியானால் உயரம் கால் பங்காகும். "மலைக்குப் போகாம ஊருக்குள்ளயே ஓட்டிக்கறேன்" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஐந்தடியிலிருந்து முகம் குப்புற விழுந்தாலும் பல் போகும். பின்னால் கரும்பு டிராக்டர் வந்துகொண்டிருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மாதம் 25,000 சம்பளம் வாங்குபவர் லீவு இல்லாமல் மூன்று வாரம் படுத்தால், சம்பள இழப்பு மட்டும் ஏறக்குறைய 17,500 ரூபாய். மருத்துவச் செலவு தனி.

அதனால் இந்த வரிசையில் போங்க:

முதலில் வாரண்டி. பல கம்பெனிகள் ஃப்ரேமுக்கு மட்டும் நீண்ட வாரண்டி தருகின்றன. பில் வேண்டும், முதல் உரிமையாளராக இருக்க வேண்டும். விபத்துச் சேதத்துக்குப் பெரும்பாலும் பொருந்தாது. தயாரிப்புக் குறை என்று தெரிந்தும் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை.

அடுத்து, ஃப்ரேம் மட்டும் மாற்றுவது. சக்கரம், பிரேக், கியர் எல்லாம் நன்றாக இருந்தால் இதுதான் லாபம். வாங்கும் முன் சக்கர அளவு, சீட் போஸ்ட் பருமன், பாட்டம் பிராக்கெட் வகை மூன்றும் பொருந்துமா என்று பாருங்கள்.

கடைசியில்தான் புது சைக்கிள். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. கிரெடிட் கார்டு இ.எம்.ஐ. வேண்டாம். மாதம் 750 ரூபாய் ஒதுக்கினால் ஒரு வருடத்தில் 9,000. அதுவரை பஸ். ஆபீஸுக்கு வேறு வழியே இல்லை என்றால் எமர்ஜென்சி ஃபண்டிலிருந்து எடுக்கலாம், தப்பில்லை.

கூடவே, வங்கிக் கணக்கு வழியாகப் பிரதமரின் சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று பாருங்கள். வருடத்துக்கு 20 ரூபாய்தான். விபத்தில் இறந்தாலோ முழு ஊனம் ஏற்பட்டாலோ 2 லட்சம். ஆனால் சாதாரண மருத்துவச் செலவுக்கு இது உதவாது, அதற்கு ஹெல்த் இன்சூரன்ஸ் தனியாக வேண்டும்.

பழைய ஃப்ரேமை விற்காதீங்க

விரிசலை ஸ்டிக்கர் போட்டு மறைத்து ஆன்லைனில் தள்ளிவிட்டால் 3,000 ரூபாய் கிடைக்கலாம். அதை வாங்குவது பெரும்பாலும் புது சைக்கிளுக்கு வழியில்லாத ஒரு மாணவன். பாகங்களைக் கழற்றி எடுத்துக்கொண்டு, டவுன் டியூபை ஆக்ஸா பிளேடால் அறுத்துவிட்டு, பழைய இரும்புக் கடையில் அலுமினிய எடைக்குப் போடுங்கள். அறுக்காமல் போட்டால் யாராவது எடுத்து, வெல்டிங் வைத்து, மறுபடியும் ரோட்டில் ஓட்டுவார்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பும் முன் டார்ச்சோடு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். கோடு தெரிந்தால் வண்டி வீட்டிலேயே இருக்கட்டும்.