காற்றுத் துப்பாக்கிக் குண்டு மலர்வதும் பாய்வதும்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பயிர் செய்வோருக்கு முயலினால் விளையும் நஷ்டம் கொஞ்சநஞ்சமன்று. 1954-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற ஒரு சட்டத்தின்படி, தன் நிலத்தில் திரியும் முயல்களைக் கட்டுப்படுத்துவது அங்கே நிலத்தை அனுபவிப்பவனுடைய கடமையாயிற்று. இதற்கு அந்நாட்டுக் குடியானவர்கள் கையாளும் சாதனங்களுள் காற்றுத் துப்பாக்கியும் ஒன்று. அடக்கிவைத்த காற்றே அதில் குண்டைத் தள்ளும், வெடிமருந்து வேண்டுவதில்லை.

முன்பு பெரும்பாலும் வழங்கிவந்தது, இடை ஒடுங்கிப் பின்புறம் பாவாடைபோல் விரிந்த ரவையாகும். சமீப காலத்தில் நீண்டு உருண்ட ஈயக் குண்டுகள் பரவியிருக்கின்றன. காற்றின் தடை இவற்றுக்குக் குறைவாதலால், தொலைவிலும் வேகம் அதிகம் குன்றுவதில்லை. பலவற்றின் நுனியில் ஒரு குழி உண்டு. குழியுள்ள குண்டு பட்டவுடன் மலர்ந்துவிடும் என்று நம்பி வாங்குவோர் பலர். அந்நம்பிக்கை பாதிதான் சரி.

குண்டு உடலில் பட்டதும், ஈரம் பொருந்திய தசை குழியினுள் நெருக்கிப் புகுந்து அதன் சுவரை வெளிப்புறமாகத் தள்ளுகிறது. வேகம் இரட்டித்தால் இவ்வழுத்தம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். ஈயத்தின் உறுதியை அது வென்றால் சுவர் விரிந்து காளான் குடைபோலாகும். வெல்லாவிடில் குழி வெறும் குழியாகவே நின்றுவிடும். கலப்பற்ற ஈயம் எளிதில் இளகும். ஆண்டிமனி கலந்து கடினமாக்கியது அவ்வளவு இளகாது.

25 கிரெயின் எடையுள்ள குண்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1969-ஆம் ஆண்டு விதிகளின்படி, அங்கே 12 அடி-பவுண்டுக்கு மேற்பட்ட சக்தியுள்ள காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டும். அவ்வரம்புக்கு உட்பட்ட துப்பாக்கியிலிருந்து இக்குண்டு வினாடிக்குச் சுமார் 465 அடி வேகத்தில்தான் புறப்படும். அவ்வேகத்தில் அது பெரும்பாலும் மலர்வதில்லை. லைசென்ஸ் பெற்ற வலிய துப்பாக்கியில் அதையே 900 அடி வேகத்தில் செலுத்தினால் சக்தி 45 அடி-பவுண்டாகும். மெல்லிய ஈயமாயின் அப்போது நன்கு மலரும். 5.5 மில்லிமீட்டர் குறுக்களவு 8 மில்லிமீட்டராக விரிந்தால் முகப்பின் பரப்பு இரண்டு மடங்குக்கு மேலாகிறது. தசை அதை விரைவில் தடுத்து நிறுத்திவிடும்.

ஆகவே வேகம் கூடக்கூட ஆழமும் கூடும் என்று எண்ணுவது பிழை. மலர்வதற்குச் சற்றுக் குறைந்த வேகத்தில் வரும் குண்டு, அதனினும் விரைந்து வந்து மலர்ந்த குண்டைக் காட்டிலும் ஆழமாகப் பாய்வதுண்டு. அது முயலின் உடலை ஊடுருவி மறுபுறம் வெளிப்படின், பின்னால் நிற்கும் ஆடோ மாடோ அடிபடலாம். கற்சுவரில் பட்டுத் திரும்பவும் கூடும். குறி தவறி வயிற்றில் பட்ட முயலோ, ஒரு சிறு துளையுடன் வளைக்குள் ஓடி வெகு நேரம் வதைபட்டே சாகும். மற்றொரு புறம், வேகம் மிகுதியாகிச் சுவரும் மெல்லியதாயிருந்தால் குண்டு சிதறித் துணுக்குகளாகும். ஆழம் போதாது, இறைச்சியிலும் ஈயம் கலக்கும்.

கவனிக்கவேண்டியது குழல்வாய் வேகமன்று, படும் இடத்து வேகமே. 20 கஜத்தில் மலரும் குண்டு 80 கஜத்தில் மலராமற் போகலாம். குண்டுப் பெட்டியின் மேல் அச்சிட்ட படம் எந்தத் தூரத்திற்கு உரியதென்று பெரும்பாலும் குறிப்பிடுவதில்லை. பரீட்சைச் சாலைகளில் நூற்றுக்குப் பத்துப் பங்கு ஜெலட்டின் சேர்த்த பாளத்தில் சுட்டுப் பார்ப்பர். குடியானவன் நன்கு பிசைந்த ஈரக் களிமண்ணிற் சுட்டும், மண்ணை அறுத்துக் குண்டை எடுத்துப் பார்க்கலாம். களிமண் தசைக்குச் சமமாகாது. எனினும் ஒரே மண்ணில், பல தூரங்களிலிருந்து சுட்ட குண்டுகளை வரிசையாக வைத்து நோக்கினால், எந்தத் தூரத்தோடு மலர்ச்சி நின்றுபோகிறதென்று ஒருவாறு புலப்படும்.

இந்தியாவில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் வேறு கட்டுப்பாடுகளை விதித்திருப்பதால், ஆங்கில நாட்டு வழக்கம் இங்கே அப்படியே செல்லாது.