உறைமோர் தேடும் கணிப்பொறி

பால் தயிராக வேண்டுமானால் சிறிது உறைமோர் வேண்டும். உறைமோரோ தயிரிலிருந்துதான் வரவேண்டும். அப்படியானால் முதல் தயிருக்கு எங்கே போவது? கணிப்பொறித் துறையிலும் இதே சிக்கல் உண்டு.

நாம் எழுதும் நிரலைப் பொறிமொழிக்கு மாற்றித் தரும் நிரலைக் கம்பைலர் என்கிறோம். 1970-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் நிக்லாஸ் விர்த் உருவாக்கிய பாஸ்கல் மொழிக்கான கம்பைலர், பாஸ்கலிலேயே எழுதப்பட்டது. அதை மொழிபெயர்க்க அப்போது வேறு கம்பைலர் ஏது? ஆகவே கையாலேயே ஓர் எளிய மொழிக்கு மாற்றினார்கள். ஒவ்வொரு புதிய கணிப்பொறிக்கும் இந்த உழைப்பு கட்டுப்படியாகுமா?

இதற்குக் கண்ட வழியே பி-கோடு. இது கற்பனைப் பொறி ஒன்றின் கட்டளைத் தொகுதி. இதைப் பற்றிய விளக்கக் குறிப்பை 1974-ஆம் ஆண்டில் எழுதியவர்களுள் நம் நாட்டைச் சேர்ந்த கேசவ் நோரியும் ஒருவர். பாஸ்கல் கம்பைலரை வேண்டியவர்களுக்கு அது பாஸ்கல், பி-கோடு ஆகிய இரு வடிவங்களிலும் தரப்பட்டது. பி-கட்டளைகளை ஒவ்வொன்றாகப் படித்து நிறைவேற்றும் இண்டர்பிரிட்டர் என்னும் சிறு நிரலை மட்டும் அவரவர் எழுதிக்கொண்டால் போதும்.

ஆனால் இண்டர்பிரிட்டர் மெதுவானது. ஒரு பி-கட்டளையை எடுத்து, இன்னதென்று அறிந்து, அதன்படி செய்வதற்குப் பல பொறிக்கட்டளைகள் செலவாகும். இக்குறையை எப்படிக் கடப்பது?

முதலில், பி-கோடுக்குப் பதிலாக நம் பொறியின் கட்டளைகளையே தருமாறு கம்பைலரின் பாஸ்கல் வடிவத்தைத் திருத்துகிறோம். அதைப் பழைய கம்பைலரிடம் கொடுக்கிறோம். கிடைப்பது பி-கோடில் ஓடினாலும் பொறிமொழியைத் தரவல்ல புதிய கம்பைலர். திருத்திய அதே பாஸ்கல் வடிவத்தை இதனிடம் மீண்டும் கொடுத்தால், பொறிமொழியிலேயே ஓடும் கம்பைலர் கைக்கு வருகிறது! மந்த வேகத்தை இருமுறை பொறுத்துக்கொண்டால் போதும். பிறகு இண்டர்பிரிட்டர் தேவையே இல்லை.

இது சரிதானா என்று சோதிக்கவும் வழி உண்டு. பொறிமொழிக் கம்பைலரிடம் மூன்றாம் முறையாக அதே வடிவத்தைக் கொடுங்கள். இப்போது கிடைப்பதும் முன்பு கிடைத்ததும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். ஒத்திராவிட்டால் எங்கோ பிழை இருக்கிறது.

ஒத்திருந்தால் பிழையே இல்லை என்று பொருளா? அன்று. கம்பைலருக்குள் ஒளித்துவைத்த தீங்கு ஒன்று தலைமுறை தலைமுறையாகத் தன்னைத்தானே நகலெடுத்துக்கொண்டே போகக்கூடும் என்பதைக் கென் தாம்சன் 1984-ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். உறைமோர் கெட்டிருந்தால் தயிரும் கெடும் அல்லவா?