திபெத்திய மரபினர் பேணும் திருச்சாளக்கிராமம்

108 திவ்ய தேசங்களுள் இந்நிலவுலகில் சேவிக்கத்தக்கவை 106. அவற்றுள் 105 பாரத நாட்டில் அமைந்துள்ளன. எஞ்சிய ஒன்று நேபாள நாட்டின் முஸ்தாங் மாவட்டத்தில், சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் உள்ள முக்திநாத். திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியில் ஒரு பதிகத்தால் மங்களாசாசனம் செய்த சாளக்கிராமம் இதுவே என்பது வைணவ அன்பர்களின் நம்பிக்கை.

பொக்காராவிலிருந்து புறப்படும் சிறு விமானம், 8,167 மீட்டர் உயர தவளகிரிக்கும் 8,091 மீட்டர் உயர அன்னபூர்ணாவிற்கும் இடையே காளி கண்டகி நதியின் வழியே பறந்து, சுமார் 20 நிமிடங்களில் ஜோம்சோமை அடைகிறது. மழை மேகங்களை அப்பெருமலைகள் தடுத்துவிடுவதால், அப்பால் உள்ள பள்ளத்தாக்கு பழுப்பு நிறக் குன்றுகளாக வறண்டு காட்சியளிக்கிறது. இடையிடையே பார்லி வயல்களும் ஆப்பிள் தோட்டங்களும் பசுந்திட்டுகளாகத் தெரிகின்றன. தட்டையான மண் கூரை வீடுகள், கூரை விளிம்பில் அடுக்கிய விறகு, மந்திரம் பொறித்த கற்சுவர்கள், காற்றில் படபடக்கும் ஐந்நிறக் கொடிகள் என யாவும் திபெத்திய மரபைச் சார்ந்தவை. மக்கள் பேசுவதும் திபெத்திய மொழியின் ஒரு வழக்கே. முற்பகல் கழிந்ததும் பலத்த காற்று வீசத் தொடங்கும். எனவே விமானங்கள் காலையில் மட்டுமே இயங்குகின்றன.

வழியில் காக்பேனி என்னும் பழைய ஊர் உள்ளது. முக்திநாத் பக்கமிருந்து இறங்கிவரும் ஓடை, காளி கண்டகியுடன் கூடும் இவ்விடத்தில் பித்ரு காரியம் செய்வது வழக்கம். அருகிலேயே 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பௌத்த மடாலயம் ஒன்றும் நிற்கிறது. இந்நதிப் படுகையில்தான் சாளக்கிராமங்கள் கிடைக்கின்றன. அவற்றில் காணும் சுருள்களைப் பெருமாளின் திருச்சக்கரமாக நாம் வழிபடுகிறோம். இமயம் எழுவதற்கு முன் அங்கிருந்த டெத்திஸ் கடலில் வாழ்ந்த உயிரினங்களின் கல்லாகிய எச்சம் அவை என்பர் நிலவியலார்.

முக்திநாதர் ஆலயம் அடுக்குக் கூரையுடன் கூடிய சிறு கோயில். அதன் பின்புறம் அரைவட்டச் சுவரில் 108 தாரைகள் இடைவிடாது பொழிகின்றன. திபெத்தியர் இத்தலத்தைச் சுமிக் கியாட்சா என்று அழைக்கின்றனர்; நூற்றுக்கும் மேற்பட்ட ஊற்றுகள் என்பது அதன் பொருள். நாம் ஸ்ரீமந் நாராயணனாகச் சேவிக்கும் அதே திருமேனியை அவர்கள் கருணையின் வடிவான அவலோகிதேஸ்வரராக வணங்குகின்றனர். திபெத்திற்குச் சென்ற பத்மசம்பவர் இங்குத் தவமிருந்தார் என்பதும் அவர்கள் நம்பிக்கை. இங்குள்ள சன்னிதிப் பணிகளில் பௌத்தப் பெண் துறவியர் நெடுங்காலமாக ஈடுபட்டு வருகின்றனர். சற்றுத் தொலைவில், நிலத்தடி இயற்கை வாயுவால் நீரின் அருகே சுடர் எரியும் ஜ்வாலாமாயி சன்னிதியும் அவர்கள் பராமரிப்பில் உள்ளது. ஆழ்வார் பாடிய எம்பெருமானுக்கு, தமிழறியாத கரங்கள் தினமும் கைங்கரியம் செய்கின்றன.

இத்தரிசனம் முதியோருக்குக் கைகூடுமா? கைகூடும், ஆனால் விரைவு கூடாது. பொக்காரா சுமார் 820 மீட்டர் உயரத்திலும், ஜோம்சோம் சுமார் 2,700 மீட்டர் உயரத்திலும் உள்ளன. ஒரே நாளில் முக்திநாத் வரை ஏறுவது உடலுக்குப் பெருஞ்சுமை. முதல் இரவை ஜோம்சோமிலோ காக்பேனியிலோ கழித்து, மறுநாள் வண்டியில் ஏறுவதே நலம். இதய நோய், ஆஸ்துமா, இரத்த அழுத்தம் உள்ளோர் புறப்படுமுன் மருத்துவரின் ஒப்புதலைப் பெறுதல் அவசியம். வண்டி நிற்கும் ராணிபௌவாவிலிருந்து கோயிலுக்கு ஏறி நடக்க வேண்டும். இயலாதோருக்குக் குதிரைகள் கிடைக்கும்.

தாரைகளின் நீர் பனியெனக் குளிர்ந்திருக்கும். அனைத்திலும் நனைந்தே தீர வேண்டும் என்ற கட்டாயமில்லை. சிறிது நீரைச் சிரசில் தெளித்துக்கொண்டு சேவிக்கலாம். தலைவலி, வாந்தி, ஓய்விலும் மூச்சுத் திணறல், நடையில் தள்ளாட்டம் ஆகியவை மலைநோயின் அறிகுறிகள். இவ்வளவு தொலைவு வந்தும் தரிசனம் தவறிவிடுமே என்றெண்ணி அவற்றை மறைப்பது உயிருக்கே ஆபத்தாகலாம். சன்னிதி கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருப்பினும், உடனே கீழே இறங்குவதே உரிய வழி.

மார்ச் முதல் மே வரையும், செப்டம்பர் பிற்பகுதி முதல் நவம்பர் வரையும் ஏற்ற காலம். இந்தியருக்கு விசா தேவையில்லை. பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை வேண்டும். நமது 100 ரூபாய், அங்கு 160 நேபாள ரூபாய். காற்றினால் விமானம் ரத்தாகக் கூடுமென்பதால், கூடுதலாக இரண்டு நாட்களும் அதற்கான செலவுத் தொகையும் கைவசம் இருப்பது நன்று.

சன்னிதியில் தீர்த்தம் பெறுகையில், அங்கே பணிபுரியும் பெண் துறவியருக்கும் அன்பர்கள் கைகூப்பி நன்றி தெரிவிக்கலாம். நாம் வருடங்கள் காத்திருந்து ஒருமுறை காணும் பெருமாளை, கடும்பனியிலும் நாள்தோறும் பேணி வருபவர்கள் அவர்கள்.