உங்களுக்குத் தெரியுமா? – பெயர் ஒன்று, பொருள் எத்தனை?

புரோகிராமில் ‘ஆ = அ’ என்று ஒரு வரி. பொருள் இரண்டாகிறதா, ஒரே பொருளுக்குப் பெயர் இரண்டாகிறதா? மொழிக்கு மொழி விடை மாறும்.

பைத்தான் 3-ல் மாறிகளுக்குத் தமிழ் எழுத்தையே பெயராக வைக்கலாம். அ = [10, 20] என்று ஒரு லிஸ்ட் போடுங்கள். அடுத்த வரியில் ஆ = அ. இப்போது ஆ-வில் 30-ஐச் சேர்த்துவிட்டு, அ-வை அச்சிட்டுப் பாருங்கள்: [10, 20, 30]! லிஸ்ட் ஒன்றுதான், பெயர்தான் இரண்டு. தனி நகல் வேண்டுமென்றால் ஆ = அ[:] என்று எழுத வேண்டும். புதிதாகப் படிப்பவர்கள் மணிக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடம் இது. முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்துவிட வேண்டும்.

சி++ மொழியில் அதே வரியை வெக்டருக்கு எழுதினால் முழு நகல் கிடைக்கும். கோ மொழியில் அர்ரே என்றால் நகல்; ஸ்லைஸ் என்றால் இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே அர்ரே.

‘சி’யின் பாயிண்டர், விலாசம் எழுதிய துண்டுச்சீட்டு மாதிரி. அழித்து வேறு விலாசம் எழுதலாம். ஒன்றைக் கூட்டி அடுத்த வீட்டுக்கும் போகலாம். அதனால்தான் அர்ரேயில் அ[3] என்பதை 3[அ] என்று திருப்பி எழுதினாலும் கம்பைலர் ஏற்கிறது: அதற்கு இரண்டும் ‘அ-விலிருந்து மூன்று தள்ளி’தான். சி++ கொண்டுவந்த ரெஃபரன்ஸோ வீட்டில் கூப்பிடும் செல்லப்பெயர். மணி என்றால் சுப்பிரமணியன்தான். நடுவில் அந்தப் பெயரை வேறொருவருக்கு மாற்றிவிட முடியாது.

‘ஜாவாவில் பாயிண்டர் இல்லை’ என்று படித்திருப்பீர்கள். விலாசத்தோடு கூட்டல் கழித்தல் செய்ய முடியாது, அவ்வளவுதான்; பொருளைச் சுட்டும் ரெஃபரன்ஸ் உண்டு. இரண்டு இன்டீஜர் மாறிகளில் 127 போட்டு இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டால் ‘சரி’ என்று வரும். 128 போட்டால் வழக்கமாகத் ‘தவறு’! அந்தக் குறி, மதிப்பைப் பார்ப்பதில்லை. இரண்டும் ஒரே பொருளா என்றுதான் பார்க்கிறது. -128 முதல் 127 வரையிலான எண்களை ஜாவா முன்பே செய்து வைத்துப் பொதுவில் கொடுக்கிறது. மதிப்பை ஒப்பிட ‘ஈக்வல்ஸ்’ வேண்டும்.

எதையும் சுட்டாத ‘நல்’ ரெஃபரன்ஸை 1965-ல் அல்கால் டபிள்யூ மொழிக்காக உருவாக்கியவர் டோனி ஹோர். செய்வது சுலபமாக இருந்ததால் சேர்த்துவிட்டதாகச் சொன்ன அவர், 2009-ல் லண்டன் மாநாட்டில் அதைத் தன் ‘நூறு கோடி டாலர் தவறு’ என்றார். குயிக்சார்ட் தந்த மேதை, மேடையேறி அப்படி ஒப்புக்கொண்டதை நினைத்தால் எனக்கு இன்றும் மரியாதை கூடுகிறது.

2015-ல் 1.0 பதிப்பு கண்ட ரஸ்ட், முதல் கேள்விக்கு மூன்றாவதாக ஒரு விடை வைத்திருக்கிறது. அங்கே வெக்டருக்கு ‘ஆ = அ’ என்று எழுதினால் நகலும் இல்லை, இரட்டைப் பெயரும் இல்லை; பட்டா ஆ-வின் பெயருக்கு மாறிவிடுகிறது. அதற்குப் பிறகு அ-வைப் பயன்படுத்தினால், எந்த வரியில் கைமாறியது என்று காட்டி, கம்பைலர் அங்கேயே நிறுத்திவிடும்.