தூக்கமும் ஒரு செட்தான்

போன வாரத்தை விட 2.5 கிலோ ஏறலைன்னா மூட் அவுட் ஆகுறீங்களா? நம்ம காஞ்சிபுரத்துக்குப் பக்கத்து வேலூர்க்காரர் சதீஷ் சிவலிங்கத்தைப் பாருங்க. 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில், 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2018 கோல்டு கோஸ்ட் போட்டிக்கு முன்னாடி தொடையில் காயம். அங்கே தூக்கியது 317 கிலோ. 11 கிலோ கம்மி, அப்பவும் தங்கம்தான். எடை குறைஞ்ச நாள் எல்லாம் தோல்வி இல்லை.

பயிற்சியில் தசை களைப்படையும். பலம் ஏறுவது அதுக்கப்புறம், சாப்பாட்டிலும் தூக்கத்திலும். அதனால் ஒரே தசைக்கு மறுபடி கனமான பயிற்சி தர 48 மணி நேரமாவது விடுங்க. கருட சேவைக்கு விடிய விடிய முழிச்சிருந்தீங்களா? லீவுல வீட்டுத் தறி மிதிச்சீங்களா? உடம்புக்கு அதுவும் லோடுதான். அன்னைக்கு ஸ்குவாட் வேண்டாம்.

இன்டர்னல்ஸ் வாரத்தில் எடையைக் குறைக்காம, செட்டைப் பாதியாக்குங்க. இருக்கிற பலம் அவ்வளவு சீக்கிரம் போகாது. போன செமஸ்டர் நைட் முழுக்கப் படிச்சுட்டு, காலையில் டெட்லிஃப்ட் போட்டேன். முதுகு பிடிச்சு, லேப் எக்ஸாமில் குனியவே முடியல.

இப்போ என் ஜிம் நோட்டில் ரெண்டு காலம்: தூக்கின எடை, தூங்கின மணி நேரம். நீங்களும் எழுதிப் பாருங்க.