பாதாள ரயில் – 9: இறங்கி எதிர்ப்பக்கம் ஏறுங்கள்

சென்ற வாரம் லண்டன் பேங்க் நிலையத்தில் படிக்கட்டும் வளைந்த நடைபாதையுமாக அலைந்து கால் வலித்திருக்கும். இந்த வாரம் சிங்கப்பூர். இங்கே வண்டி மாற ஒரு பத்துப் பன்னிரண்டு எட்டு வைத்தால் போதும்.

சிட்டி ஹால் நிலையம். பெயர்ப்பலகையில் 'நகர மண்டபம்' என்று தமிழிலும் இருக்கும். வடக்கு–தெற்குத் தடமும் கிழக்கு–மேற்குத் தடமும் இங்கே சேர்கின்றன. வரைபடத்தில் முன்னது சிவப்பு, பின்னது பச்சை. அடுத்த நிலையம் ராஃபிள்ஸ் பிளேஸ். வங்கிகளும் வானுயர்ந்த அலுவலகங்களும் நெருக்கியடித்து நிற்கும் இடம். அங்கேயும் அதே சிவப்பு, அதே பச்சை. அடுத்தடுத்த இரண்டு நிலையங்களில் ஒரே சந்திப்பு எதற்கு? வரைபடத்தை மட்டும் பார்த்தால் வீண்செலவாகத்தான் தோன்றும். சூட்சுமமே அதில்தான் இருக்கிறது.

இரண்டு நிலையங்களிலும் நடைமேடைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு தளங்கள். மேடையின் ஒரு பக்கம் சிவப்புத் தடத்து வண்டி, மறுபக்கம் பச்சைத் தடத்து வண்டி. ஆங் மோ கியோவிலிருந்து தெற்கே வருகிறீர்கள், கிழக்கே பாசிர் ரிஸ் பக்கம் போகவேண்டும் என்றால் சிட்டி ஹாலில் இறங்குங்கள், எதிரிலேயே அந்த வண்டி வரும். மேற்கே துவாஸ் பக்கமா? இறங்காமல் உட்காருங்கள், ராஃபிள்ஸ் பிளேஸில் எதிர்ப்பக்கம் துவாஸ் வண்டி. ஆனால் மேற்கிலிருந்து மரீனா பே போகிறவர் ராஃபிள்ஸ் பிளேஸில் தளம் மாறவேண்டும். அதற்கும் சோம்பல்படுகிறவர் ஒரு நிலையம் தாண்டி சிட்டி ஹால் போய், எதிர்ப்பக்கம் ஏறி, வந்த திசையிலேயே திரும்பிவிடலாம். இந்த வசதிக்காக, இரண்டு நிலையங்களுக்கும் நடுவே, சிங்கப்பூர் ஆற்றுக்கும் கீழே ஓடும் சுரங்கங்களில் தடங்கள் ஜடை பின்னியதுபோல் தளம் மாறிக்கொள்கின்றன. ஹாங்காங்கின் மோங் காக், பிரின்ஸ் எட்வர்ட் நிலையங்களிலும் இதே ஏற்பாடுதான்.

ரயிலே வேண்டாம், பஸ் போதும் என்று சிங்கப்பூரில் ஒரு காலத்தில் பலமான வாதம் நடந்தது. அமெரிக்காவின் ஹார்வர்டிலிருந்து வந்த நிபுணர் குழுவும் பஸ் பக்கமே பேசியது. ரயிலுக்காக விடாமல் வாதாடியவர் அமைச்சர் ஓங் டெங் சியோங். பிறகு மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த முதல் அதிபரானவர். 1982இல் முடிவாகி, 1983 அக்டோபரில் வேலை தொடங்கி, 1987 நவம்பர் 7 அன்று முதல் வண்டி ஓடியது. சிட்டி ஹாலும் ராஃபிள்ஸ் பிளேஸும் அதே ஆண்டு டிசம்பர் 12 அன்று திறந்தன. அப்போது ஓடியது ஒரே தடம்தான். கிழக்குப் பாதை திறந்து இரண்டு தடங்களாகப் பிரிந்தது 1989இல். வராத வண்டிக்கும் சேர்த்து முன்கூட்டியே மேடை கட்டி வைத்திருந்தார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

முன்கூட்டி யோசிக்க முடியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நிலையம் தள்ளியே சாட்சி இருக்கிறது: டோபி காட். 1987இல் சிவப்புத் தடம், 2003இல் வடகிழக்குத் தடம், 2010இல் வட்டத் தடம் என்று ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக்கொண்ட சந்திப்பு. எஸ்கலேட்டர், நகரும் நடைபாதை, மறுபடி எஸ்கலேட்டர் என்று நடக்கவிட்டே ஆளைக் களைப்பாக்கிவிடும்.

எதிர்மேடை மாற்றத்திலும் சங்கடம் இல்லாமல் இல்லை. காலை எட்டரை மணிக்கு ராஃபிள்ஸ் பிளேஸில் நின்றால் தெரியும். இரண்டு வண்டிகள் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். கண்ணாடிக் கதவுகள் விலகும்போது தரையிலுள்ள அம்புக்குறிப்படி நடுவில் இறங்குகிறவர்கள், இரண்டு ஓரத்திலும் ஏறுகிறவர்கள். இரண்டு பக்கத்துக் கூட்டமும் அந்த ஒரே மேடையில்தான் குறுக்கும் நெடுக்குமாகக் கடந்தாகவேண்டும். ஒரு தடம் நின்றால் அதன் கூட்டம் அடுத்த தடத்தின் மேடையில் தேங்கும். 2011 டிசம்பர் 15 மாலை, மின்சாரம் தரும் மூன்றாவது தண்டவாளத்தைத் தாங்கும் கொக்கிகள் கழன்று சிவப்புத் தடம் நின்றுபோனது. சுரங்கத்தில் சிக்கிய ஒரு வண்டியில் காற்றுக்காக ஒரு பயணி தீயணைப்புக் கருவியால் ஜன்னலை உடைத்தார். இரண்டே நாளில் மறுபடியும் நின்றது. அரசு விசாரணைக் குழு அமைத்தது.

நம்மூரிலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் தங்குவது லிட்டில் இந்தியாவில். அங்கிருந்து விமான நிலையத்துக்கு டோபி காட், சிட்டி ஹால், தானா மேரா என மூன்று இடத்தில் மாறிப் போகலாம். கைவீசிக்கொண்டு போனால் இரண்டு விதச் சந்திப்பையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம். பெட்டியோடு போகிறீர்களா? டவுன்டவுன் தடத்தில் ஏறி எக்ஸ்போவில் மாறுங்கள். ஒரே மாற்றம்தான்.

(தொடரும்)